எத்தனாவது ஸ்பீடில் நின்றது?

கார் ஏசியில் காற்று வரவில்லை என்றதும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான்: எத்தனாவது ஸ்பீடில் நின்றது? 1, 2, 3 மூன்றும் செத்து 4 மட்டும் ஓடுகிறதா? நாலுமே இல்லையா? 4 மட்டும்தான் இல்லையா? டாஷ்போர்டுக்கு அடியில் ஒரு தட்டுத் தட்டினால் ஓடுகிறதா? அரை மணி நேரம் நன்றாக வந்துவிட்டு மெல்ல மெல்லக் குறைந்து நின்றதா? இதற்கெல்லாம் பதில் தெரிந்தால் ஒரு ஸ்க்ரூகூடக் கழற்றாமல் பாதிப் பழுதைக் கண்டுபிடித்தாயிற்று.

அதற்கும் முன்னால் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். காற்று நன்றாக வருகிறது, குளிர்ச்சிதான் இல்லை என்றால் குளிரூட்டும் கேஸ், அதை அழுத்தும் கம்ப்ரஸர், அதன் சூட்டை வெளியேற்றும் கண்டென்சர் பக்கம் பார்க்க வேண்டும். காற்றே வரவில்லை என்றால் டாஷ்போர்டுக்குள் உட்கார்ந்து காற்றைத் தள்ளும் விசிறியான ப்ளோயர் பக்கம் பார்க்க வேண்டும். "ஏசி வேலை செய்யவில்லை" என்ற ஒரே வாக்கியத்துக்குள் இரண்டும் அடங்கிவிடுவதால்தான் ப்ளோயர் நின்ற வண்டிக்குக் கேஸ் அடிக்கிற கூத்து நடக்கிறது. பல வண்டிகளில் ப்ளோயர் சுவிட்ச் போடாமல் கம்ப்ரஸர் ஓடவே ஓடாது. ப்ளோயர் சர்க்யூட்டில் பழுது வந்தால் கம்ப்ரஸரும் சும்மா இருக்கும். அதைப் பார்த்துக் கம்ப்ரஸர் போய்விட்டது என்று முடிவு கட்டக் கூடாது.

ஹீட்டருக்கும் இதே ப்ளோயர்தான். சென்னையிலோ மதுரையிலோ ஹீட்டரை யாரும் தேடப்போவதில்லை. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் டிசம்பர் காலையில் கண்ணாடிப் பனியை விரட்ட இதை விட்டால் வழியில்லை. காற்று ஒரே விசிறியிலிருந்து கிளம்பி, கூலிங் காயில் வழியாகப் போய், பிறகு தேவைப்பட்டால் ஹீட்டர் காயில் வழியாகவும் போகிறது. அதனால் ஏசியில் காற்று இல்லையென்றால் ஹீட்டரிலும் இராது, கண்ணாடிக்கு அடிக்கும் காற்றும் இராது.

இங்கே எழுதுவது பெரும்பாலும் கையால் திருகும் 4 ஸ்பீடு சுவிட்ச் உள்ள வண்டிகளை மனதில் வைத்து. நம் சாலைகளில் ஓடும் சின்னக் கார்களில் பெரும்பகுதி அப்படித்தான். குளிரைத் தானாகச் சரிசெய்துகொள்ளும் ஆட்டோ கிளைமேட் வண்டிகளுக்கு வேறு சில சங்கதிகள் உண்டு, கடைசிப் பக்கம் வருகிறேன்.

கரண்ட் போகும் பாதையை மனதில் வரைந்துகொள்ளுங்கள். பேட்டரி, ஃபியூஸ், ரிலே (சின்னக் கரண்ட்டால் பெரிய கரண்ட்டைத் திறந்து மூடும் சுவிட்ச்), மோட்டார், ரெசிஸ்டர், ஸ்பீடு சுவிட்ச், எர்த் (பேட்டரி நெகட்டிவோடு சேர்ந்த வண்டியின் பாடி). ஜப்பானியப் பாணி வண்டிகள் பலவற்றில் இதே வரிசைதான்: சாவி ஆனில் இருக்கும்வரை மோட்டாரின் ஒரு முனைக்கு 12 வோல்ட் வந்து நிற்கும், சுவிட்ச் எர்த்தைத்தான் கொடுத்து எடுக்கும். வேறு சில வண்டிகளில் சுவிட்சும் ரெசிஸ்டரும் மோட்டாருக்கு முன்னால், பாசிட்டிவ் பக்கத்தில் இருக்கும். எப்படி இருந்தாலும் அடிப்படை ஒன்றுதான்: ரெசிஸ்டர் என்பது வரிசையாகக் கோத்த இரண்டு மூன்று கம்பிச் சுருள்கள். 1-இல் எல்லாச் சுருள் வழியாகவும் கரண்ட் போகும், 2-இல் ஒன்று குறையும், 3-இல் இன்னொன்று குறையும், 4-இல் ரெசிஸ்டரையே ஒதுக்கிவிட்டு நேராகப் போகும்.

இது தெரிந்தால் முதல் கேள்வியின் விடை தானே அவிழும். 4 மட்டும் ஓடுகிறது, மற்ற மூன்றும் இல்லை என்றால் ரெசிஸ்டர் போயிருக்கிறது. அதிலுள்ள வெப்ப ஃபியூஸ் உருகியிருக்கும். ஒரே ஒரு ஸ்பீடு மட்டும் இல்லை, அதற்கு மேலும் கீழும் ஓடுகிறது என்றால் சுவிட்சுக்குள் அந்தப் படியின் காண்டாக்ட் (தொடுமுனை) கருகியிருக்கும், அல்லது அந்த ஒயர் கனெக்டரில் விட்டிருக்கும். 1, 2, 3 ஓடுகிறது, 4 இல்லை என்றால் ரெசிஸ்டர் நல்லது. 4-க்கான காண்டாக்ட்டையோ, அந்த ஸ்பீடுக்கென்று தனி ரிலே இருந்தால் அதையோ பாருங்கள். அதிகக் கரண்ட் போவது 4-இல் என்பதால் முதலில் கருகுவதும் பெரும்பாலும் அந்தக் காண்டாக்ட்தான். நாலுமே இல்லையென்றால் ரெசிஸ்டரைச் சந்தேகப்படவே வேண்டாம். ஃபியூஸ், ரிலே, சாவி சுவிட்ச், மோட்டார், ஸ்பீடு சுவிட்ச், எர்த், உருகிய கனெக்டர், இந்த ஏழுக்குள் பழுது இருக்கிறது.

சுருக்கமாக இவ்வளவுதான் என்று பலர் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். ரெசிஸ்டரைக் கழற்றி, சில நூறு ரூபாய்க்குப் புதிதாக ஒன்றை மாட்டி, காற்று வந்ததும் வண்டியைக் கொடுத்துவிடுகிறார்கள். நாலு மாதம் கழித்து அதே வண்டி அதே குறையோடு வரும். ரெசிஸ்டர் தானாகச் சாவது அபூர்வம். எதுவோ அதைக் கொல்கிறது. அந்த எதுவோவைக் கண்டுபிடிக்காத ரிப்பேர் பாதி ரிப்பேர்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இது பளிச்சென்று புரியும். இன்ஜின் ஓடும்போது 13.5 வோல்ட் என்று வையுங்கள். ரெசிஸ்டரின் மொத்தத் தடை 2 ஓம். 1-ஆம் ஸ்பீடில் மோட்டார் 4 ஆம்பியர் இழுக்கிறது. ரெசிஸ்டரில் எரியும் வெப்பம் 4 × 4 × 2 = 32 வாட். எலக்ட்ரானிக்ஸ் கடையில் விற்கும் 25 வாட் சால்டரிங் அயர்னைவிட அதிகம். இவ்வளவு சூட்டையும் தாங்கிக்கொண்டு ரெசிஸ்டர் உயிரோடு இருப்பதற்குக் காரணம், அதைக் காற்றுப் பாதைக்குள்ளேயே வைத்திருப்பதுதான். ப்ளோயர் தள்ளும் காற்றே அதைக் குளிர வைக்கிறது.

இப்போது மோட்டாரின் புஷ் (அச்சு சுழலும் வளையம்) காய்ந்து இறுக ஆரம்பிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். விசிறி மெதுவாகும். மெதுவாகச் சுற்றும் மோட்டார் அதிகக் கரண்ட் இழுக்கும். 4 ஆம்பியர் 5 ஆனால் ரெசிஸ்டரில் 50 வாட். மோட்டார் அடியோடு சிக்கிக்கொண்டால், அதன் சுருளின் தடை அரை ஓம் என்று வைத்தால், 13.5-ஐ 2.5-ஆல் வகுக்க 5.4 ஆம்பியர், ரெசிஸ்டரில் 58 வாட், அதுவும் ஒரு துளிக் காற்று இல்லாமல். வெப்பம் ஏறுகிறது, குளிர வைக்கும் காற்று குறைகிறது, இரண்டும் ஒரே நேரத்தில். 5.4 ஆம்பியர் என்பது ஃபியூஸ் பெட்டியில் இருக்கும் 25 அல்லது 30 ஆம்பியர் ஃபியூஸுக்கு ஒரு பொருட்டே இல்லை. அது அசையாது. அதற்காகத்தான் ரெசிஸ்டரிலேயே ஒரு வெப்ப ஃபியூஸை வைத்திருக்கிறார்கள். அது உருகி உங்கள் டாஷ்போர்டைக் காப்பாற்றுகிறது. அந்த ஃபியூஸை ஒரு செப்புக் கம்பியால் இணைத்து "சரி பண்ணிவிட்டேன்" என்று கொடுப்பவர் உங்கள் வண்டிக்குத் தீ வைக்கிறார். இதைவிட மென்மையாக இதைச் சொல்ல முடியவில்லை.

ரெசிஸ்டரைக் கொல்லும் இன்னொன்று, உள்ளே வரும் காற்றை வடிகட்டும் கேபின் ஃபில்டர். தூசி அடைத்து அட்டை மாதிரி ஆகிவிட்ட ஃபில்டர் வழியாகக் காற்று போகாது. மோட்டார் நன்றாகச் சுற்றும், ஆனால் ரெசிஸ்டர் மேல் காற்று படாது. மூன்றாவது எதிரி கனெக்டர், அதற்குத் தனியாக வருகிறேன், ஏனென்றால் அதிகம் பேர் கவனிக்காமல் விடுவது அதைத்தான்.

முதலில் அளக்கத் தேவையானவை: ஒரு மல்டிமீட்டர், ஒரு பழைய 55 வாட் ஹெட்லைட் பல்பில் இரண்டு ஒயர் சால்டர் செய்த டெஸ்ட் லேம்ப், 25 ஆம்பியர் ஃபியூஸ் கோத்த ஒரு தடித்த ஜம்பர் ஒயர். முடிந்தால், ஒயரைக் கவ்விக் கரண்ட்டை அளக்கும் ஒரு கிளாம்ப் மீட்டர். கடையில் கிளாம்ப் மீட்டர் வாங்கும்போது டிசி (பேட்டரிக் கரண்ட்) ஆம்பியர் அளக்குமா என்று கேட்டு வாங்குங்கள். மலிவாகக் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை வீட்டில் வரும் ஏசி கரண்ட்டை (மாறுமின்னோட்டம்) மட்டும்தான் அளக்கும், காரில் வைத்தால் பூஜ்யம் காட்டும். சாதாரண மல்டிமீட்டரின் 10 ஆம்பியர் ரேஞ்சை ப்ளோயருக்கு நடுவே வைத்து 4-ஐப் போட்டுவிடாதீர்கள், மீட்டரின் உள்ஃபியூஸ் போய்விடும்.

பல்பு எதற்கு என்று கேட்கலாம். மீட்டர் கிட்டத்தட்டக் கரண்ட்டே இழுக்காமல் அளக்கிறது. நூறு இழையில் தொண்ணூற்றொன்பது அறுந்து ஒன்றில் தொங்கும் ஒயரிலும் அது 12 வோல்ட் காட்டும். அதை நம்பினால் "கரண்ட் வருது, மோட்டார்தான் போச்சு" என்று நல்ல மோட்டாரைத் தூக்கி எறிவீர்கள். 55 வாட் பல்பு நாலரை ஆம்பியர் இழுக்கும். ஒயர் உண்மையிலேயே நல்லதாக இருந்தால்தான் அது முழு வெளிச்சத்தில் எரியும். மங்கலாக எரிந்தால் பாதையில் எங்கோ தடை இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. மஞ்சள் உறை போட்ட ஒயரும் மஞ்சள் கனெக்டரும் ஏர்பேகுடையவை. அவற்றில் மீட்டரோ பல்போ வைக்கவே கூடாது. க்ளவ் பாக்ஸுக்கு மேலேதான் பக்கத்து இருக்கையின் ஏர்பேக் இருக்கும். டாஷ்போர்டை அதற்குமேல் பிரிக்கும் வேலை வந்தால் பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, வண்டியின் கையேட்டில் சொல்லியிருக்கும் நேரம் காத்திருந்துவிட்டுத் தொடுங்கள். நாம் இப்போது செய்யப்போகும் அளவைகளுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை.

க்ளவ் பாக்ஸைத் திறந்து இரு பக்கச் சுவரையும் உள்பக்கமாக அழுத்தினால் பல வண்டிகளில் அது முழுதாகக் கீழே தொங்கும். உள்ளே கேபின் ஃபில்டரின் மூடி தெரியும். அதற்குக் கீழே, பக்கத்து இருக்கைக்காரரின் கால் வைக்கும் இடத்துக்கு மேல், தட்டையான வட்ட மூடியோடு தொங்குவது ப்ளோயர் மோட்டார். அதிலிருந்து இரண்டு தடித்த ஒயர். பக்கத்திலேயே இரண்டு ஸ்க்ரூவில் பிடித்திருக்கும், மூன்று நாலு ஒயர் போகும் சின்னத் துண்டுதான் ரெசிஸ்டர்.

சாவி ஆன், சுவிட்ச் 4-இல். கனெக்டரைப் பிடுங்காமல், பின்பக்கமாகக் குண்டூசி நுழைத்து மோட்டாரின் இரண்டு ஒயரையும் தனித்தனியாக அளக்க வேண்டும். மீட்டரின் கறுப்பு முனை பெயிண்ட் இல்லாத பாடி இரும்பில். 4-ஐத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம், அதில் ரெசிஸ்டர் குறுக்கே வராது.

ஒரு ஒயரில் 12, இன்னொன்றில் கிட்டத்தட்ட 0, மோட்டார் சுற்றவில்லை: கரண்ட் வருகிறது, எர்த்தும் கிடைக்கிறது. மோட்டார்தான் போயிருக்கிறது. இரண்டிலும் 12: கரண்ட் மோட்டாரைக் கடந்து வந்து நிற்கிறது, போக வழியில்லை. எர்த் பக்கம் எங்கோ அறுந்திருக்கிறது. சுவிட்ச், கனெக்டர், அல்லது டாஷ்போர்டுக்குப் பின்னால் எர்த் போல்ட். இரண்டிலும் 0: கரண்ட்டே வந்து சேரவில்லை, ஃபியூஸ், ரிலே, சாவி சுவிட்ச் பக்கம் திரும்புங்கள். இந்த மூன்றில் ஒன்று நிச்சயம் வரும். இதைச் செய்ய 5 நிமிடம் போதும். இந்த 5 நிமிடத்தைச் செலவிடாமல் வாங்கப்படும் மோட்டார்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

இரண்டிலும் 12 வந்தால் உறுதிப்படுத்த ஒரு வழி: ஃபியூஸ் கோத்த ஜம்பர் ஒயரால் எர்த் பக்க ஒயரைப் பாடியில் வைத்துப் பாருங்கள். மோட்டார் முழு வேகத்தில் பாய்ந்தால் மோட்டாருக்கு நற்சான்றிதழ். எந்தப் பக்கம் எர்த் என்று தெரியாமல் இதைச் செய்யாதீர்கள், கரண்ட் வரும் பக்கத்தைப் பாடியில் வைத்தால் ஜம்பரின் ஃபியூஸ் போகும்.

மோட்டார் சுற்றுகிறது, ஆனால் சோம்பலாகச் சுற்றுகிறது என்றால் ஓடும்போதே அளக்க வேண்டும். மீட்டரின் ஒரு முனை பேட்டரி பாசிட்டிவில், இன்னொன்று மோட்டாரின் பாசிட்டிவ் ஒயரில். 4-இல் அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். அதே போல எர்த் பக்க ஒயருக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே. அங்கேயும் அரை வோல்ட்டுக்கு மேல் போகக் கூடாது. ஒன்றரை, இரண்டு வோல்ட் என்று காட்டினால் அந்த வோல்ட் மோட்டாருக்குப் போய்ச் சேராமல் வழியில் வெப்பமாகிக்கொண்டிருக்கிறது.

எங்கே வெப்பமாகிறது? பெரும்பாலும் கனெக்டரில்தான். கனெக்டருக்குள் இருக்கும் பித்தளைக் கவ்வி தளர்ந்து, அதன் தடை வெறும் 0.1 ஓம் ஆகிறது என்று வையுங்கள். 15 ஆம்பியர் போகும்போது அந்தப் பட்டாணி அளவு இடத்தில் 22.5 வாட் எரியும். பிளாஸ்டிக் மெதுவாகப் பழுப்பாகும். கவ்வியின் வில் தன்மை சூட்டில் போய்விடும், இன்னும் தளரும், இன்னும் சூடேறும். ஒருநாள் பிளாஸ்டிக் உருகி, கவ்வி பின்னால் நகர்ந்து, தொடர்பு அறுந்து போகும். ரெசிஸ்டர் கனெக்டரைக் கழற்றிக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். வெள்ளைப் பிளாஸ்டிக்கில் ஒரு துளையைச் சுற்றி மட்டும் காப்பிக் கறை மாதிரி பழுப்பு வளையம் தெரியும். பித்தளை தன் மஞ்சள் பளபளப்பை இழந்து கறுஞ்சிவப்பாக இருக்கும். ஒயரின் உறை அந்த இடத்தில் ஒடிகிற மாதிரி விறைத்திருக்கும். மூக்குக்கு அருகில் கொண்டுபோனால் எரிந்த மீன் வாடை அடிக்கும்.

இந்தக் கனெக்டரில் புது ரெசிஸ்டரை மாட்டுவது வீண் வேலை. ஒயரோடு புதுக் கனெக்டர் தனியாகக் கிடைக்கிறது. சென்னையில் ஜி.பி. ரோடு பக்கம் கேட்டால் பெரும்பாலான மாடல்களுக்குக் கிடைக்கும்; இல்லாவிட்டால் புதுப்பேட்டையில் பிரித்த வண்டியிலிருந்து, பழுப்பேறாத ஒன்றைப் பார்த்து, ஒயரோடு வெட்டி வாங்கலாம். பழைய ஒயரை உறை மென்மையாக இருக்கும் இடம் வரை பின்னால் வெட்டிவிட வேண்டும். செம்பு கறுத்திருந்தால் இன்னும் பின்னால். முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றுவது இங்கே உதவாது. சரியான அளவு உலோக ஸ்லீவ் போட்டு அழுத்திக் கிரிம்ப் செய்து, மேலே சூட்டில் சுருங்கிப் பிடிக்கும் ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட வேண்டும். ஒயர் 2.5 சதுர மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. மோட்டாரின் இரண்டு ஒயரையும் இடம் மாற்றி இணைத்துவிட்டால் ஒரு விசித்திரம் நடக்கும்: மோட்டார் எதிர்த்திசையில் சுற்றும், காற்று அதே பக்கம்தான் வரும், ஆனால் வலுவில்லாமல் வரும். கனெக்டர் மாற்றிய பிறகு "காற்று முன்பு மாதிரி இல்லை" என்றால் முதலில் இதைப் பாருங்கள்.

இரண்டிலும் 0 வந்த வண்டிக்கு வருவோம். ப்ளோயர் ஃபியூஸ் வண்டியைப் பொறுத்து 20 (மஞ்சள்), 25 (நிறமற்றது), 30 (பச்சை) ஆம்பியராக இருக்கும். கண்ணால் பார்த்து முடிவு செய்யாமல், மாட்டியபடியே அதன் தலையில் தெரியும் இரண்டு உலோகப் புள்ளியிலும் டெஸ்ட் லேம்பை வைத்துப் பாருங்கள். இரண்டிலும் எரிய வேண்டும். ஃபியூஸ் போயிருந்தால் புதிது மாட்டுவது முடிவில்லை, ஏன் போனது என்பது கேள்வி. ஒருபோதும் பெரிய ஆம்பியர் ஃபியூஸ் போடாதீர்கள். பிளேடு ஃபியூஸ் தன் அளவில் 135 சதவீதக் கரண்ட்டைக்கூட 10 நிமிடம் வரை தாங்கலாம் என்பதுதான் அதன் விதிமுறை. 25-க்குப் பதில் 40 போட்டால், ஒயரே ஃபியூஸாக மாறிவிடும்.

ரிலேயில் 30, 85, 86, 87 என்று நாலு எண் இருக்கும். 85, 86 ரிலேக்குள் இருக்கும் காந்தச் சுருளின் (காயில்) முனைகள்; 30, 87 வழியாகத்தான் ப்ளோயர் கரண்ட் போகும். பெட்டியில் இதே எண் அச்சிட்ட இன்னொரு ரிலே இருந்தால் இடம் மாற்றிப் பார்ப்பது சுலபமான சோதனை. 'டிக்' சத்தம் வந்தால் ரிலே நல்லது என்று நினைக்க வேண்டாம். அந்தச் சுருள் இழுக்கும்போது சத்தம் வரும், உள்ளே காண்டாக்ட் கருகியிருந்தாலும் வரும். ஃபியூஸும் ரிலேயும் சரி, ஆனாலும் கரண்ட் இல்லை. சாவியைக் கொஞ்சம் அசைத்தால் ப்ளோயர் வந்து வந்து போகிறது என்றால், சாவிக்குப் பின்னால் இருக்கும் இக்னிஷன் சுவிட்ச் தேய்ந்திருக்கிறது. ஸ்டார்ட் அடிக்கும் நேரத்தில் பல வண்டிகளில் ப்ளோயர் வேண்டுமென்றே நிறுத்தப்படும், அது பழுதில்லை.

மோட்டார்தான் என்று முடிவானால் தட்டிப் பார்ப்பது பழைய வித்தை, ஆனால் நல்ல வித்தை. சுவிட்சைப் போட்டுவிட்டு ஸ்க்ரூடிரைவரின் பிடியால் மோட்டாரின் அடியில் லேசாகத் தட்டினால் ஓட ஆரம்பிக்கிறது என்றால் மோட்டாரின் சுழலும் பகுதிக்குக் கரண்ட் கொடுக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்து, வில் அதைத் தள்ள முடியாத இடத்துக்கு வந்துவிட்டது. இன்று ஓடும், நாளை ஓடும், சனிக்கிழமை நின்றுவிடும். மாற்றிவிடுங்கள். கழற்றிய மோட்டாரின் விசிறியைக் கையால் சுற்றிப் பார்த்தால் அது தானாக இரண்டு மூன்று சுற்றாவது ஓட வேண்டும். விட்ட இடத்தில் நின்றால் புஷ் இறுகிவிட்டது. எண்ணெய் ஊற்றி விடுபவர்கள் உண்டு. சில வாரம் நிற்கும், பிறகு அந்த எண்ணெய் கார்பன் தூளோடு சேர்ந்து பசையாகி முன்னைவிட இறுக்கும்.

மோட்டாரைக் கழற்ற மூன்று ஸ்க்ரூ. அதில் ஒரு சின்ன ரப்பர் குழாய் சொருகியிருந்தால் மறக்காமல் திரும்பச் சொருக வேண்டும், மோட்டாரின் உள்ளே குளிர்க் காற்று போவது அதன் வழியாகத்தான். வேப்பமரத்தடியில் நிற்கும் வண்டியில் இந்த இடத்தில் கை நிறையச் சருகு வரும். வைப்பருக்குக் கீழே உள்ள சல்லடை வழியாக உள்ளே போனவை. 'டிக் டிக்' என்ற சத்தத்துக்கும் அதுதான் காரணம். எலிக்கும் அதே வழிதான். வண்டியை நிறுத்தும்போது காற்றை உள்சுற்றில் (உள்ளே இருக்கும் காற்றையே சுற்றவிடும் நிலை) வைத்துவிட்டு இறங்கினால் வெளிக் காற்றின் கதவு மூடியிருக்கும், இரண்டுக்கும் வழி அடைபடும். காசில்லாத பாதுகாப்பு.

வெள்ளம் பார்த்த வண்டிகளையும் சொல்ல வேண்டும். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் தண்ணீருக்குள் நின்ற கார்களில், இருக்கை மட்டத்துக்குத் தண்ணீர் ஏறினாலே நனையும் உயரத்தில்தான் ப்ளோயர் மோட்டார் இருக்கிறது. அப்படி நனைந்த வண்டியில் முதல் வேலையாகச் சுவிட்சைப் போட்டுப் பார்ப்பது தவறு. மோட்டாரையும் ரெசிஸ்டரையும் கழற்றி, நல்ல தண்ணீரில் சேற்றைக் கழுவி, வெயிலில் நன்றாகக் காய வைத்து, கனெக்டர்களைக் காண்டாக்ட் கிளீனரால் துடைத்த பிறகுதான் கரண்ட் கொடுக்க வேண்டும். ஒயரிலும் கனெக்டரிலும் பச்சைக் களிம்பு பிடிப்பது மாதங்கள் கழித்துத்தான் தெரியும். வெள்ளம் இல்லாமலேயே நனைவதும் உண்டு: கூலிங் காயிலின் தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்தால் பக்கத்து இருக்கையின் மிதியடி ஈரமாகும், தண்ணீர் மோட்டார் பக்கமும் போகும். கீழேயிருந்து குழாயில் காற்று அடித்தால் திறந்துகொள்ளும். வடிவது இனிப்பு வாடையோடு பிசுபிசுத்தால் அது கூலன்ட், ஹீட்டர் காயில் ஒழுகுகிறது.

இனி, மோட்டார் நன்றாகச் சுற்றியும் காற்று நின்றுபோகும் வகை. நெடுஞ்சாலையில் அரை மணி, முக்கால் மணி நேரம் அருமையாகக் குளிர்ந்துவிட்டு, காற்று படிப்படியாகக் குறைந்து கடைசியில் ஒன்றுமே வராது. ஆனால் விசிறியின் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருக்கும். கூலிங் காயில் பனிக்கட்டியாக உறைந்து சுவர் மாதிரி நிற்கிறது என்று அர்த்தம். ஏசி பட்டனை அணைத்துவிட்டு ப்ளோயரை 4-இல் விடுங்கள். 10, 15 நிமிடத்தில் காற்று திரும்பி, வண்டிக்கு அடியில் தண்ணீர் கொட்டினால் ஐயமே இல்லை. காயில் உறையாமல் கம்ப்ரஸரை நிறுத்த வேண்டியது அதில் சொருகியிருக்கும், வெப்பநிலையை உணரும் தெர்மிஸ்டர். அது போயிருக்கலாம், இடம் விட்டு நழுவியிருக்கலாம். அடைத்த ஃபில்டரும் இதைச் செய்யும். கேஸ் குறைந்திருந்தாலும் நடக்கும்: ஆர்134ஏ கேஸ் 28 பிஎஸ்ஐ அழுத்தத்தில் 0 டிகிரியில் கொதிக்கிறது. கேஸ் குறைந்து அழுத்தம் அதற்குக் கீழே இறங்கினால் காயில் உறைநிலைக்குக் கீழே போகிறது. காற்று வராததற்கும் கேஸுக்கும் உறவு வரும் இடம் இது ஒன்றுதான். கடலோர ஊர்களில் காற்றின் ஈரம் அதிகம் என்பதால் இது சீக்கிரம் நடக்கும்.

ஆட்டோ கிளைமேட் வண்டிகளில் ரெசிஸ்டருக்குப் பதில் அலுமினியச் சிறகுகள் வைத்த ஒரு எலக்ட்ரானிக் மாட்யூல் இருக்கும். இரண்டு தடித்த ஒயர், ஒரு மெல்லிய சிக்னல் ஒயர். மாட்யூல் ஷார்ட் ஆனால் எந்த ஸ்பீடு வைத்தாலும் முழு வேகம்தான், சில வண்டிகளில் சாவியை எடுத்த பிறகும் ஓடிப் பேட்டரியைக் காலி செய்யும். காயிலை உலர்த்துவதற்காகவே வண்டி நின்ற பிறகு சிறிது நேரம் ஓடும்படி சில மாடல்களை அமைத்திருக்கிறார்கள், கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். மோட்டாருக்கு நேராக 12 வோல்ட் கொடுத்தால் ஓடுகிறது, சிக்னல் ஒயரில் வோல்ட் ஸ்பீடுக்கேற்ப மாறுகிறது, ஆனால் மாட்யூல் ஒன்றும் செய்யவில்லை என்றால்தான் மாட்யூல் குற்றவாளி. சிக்னலே வரவில்லையென்றால் கண்ட்ரோல் பேனல் பக்கம் போக வேண்டும். சிக்னல் ஒயரில் ஹெட்லைட் பல்பையோ ஜம்பரையோ வைக்காதீர்கள், பேனல் கருகிவிடும். மோட்டாருக்குள்ளேயே எலக்ட்ரானிக்ஸ் உள்ள பிரஷ் இல்லாத வகைக்கு நேரடியாகக் கரண்ட் கொடுக்கும் சோதனையும் கூடாது.

மலைப் பாதையில் மழையில் ப்ளோயர் நின்று கண்ணாடி மூடிக்கொண்டால் பாதுகாப்பாக ஓரம் கட்டுங்கள். எதிரெதிரே இரண்டு ஜன்னல்களை ஓர் அங்குலம் இறக்கி வைத்து, கண்ணாடியை உலர்ந்த துணியால் துடைத்துக்கொண்டு மெதுவாக இறங்கலாம். 4 மட்டும் ஓடுகிறதென்றால் தயங்காமல் 4-இலேயே வீடு வரை வரலாம், ரெசிஸ்டர் அதில் சம்பந்தப்படாது. எரியும் வாடை வந்தால் கதை வேறு. உடனே சுவிட்சை அணைத்து, ப்ளோயர் ஃபியூஸையும் பிடுங்கிவிட்டுப் பிறகு புறப்படுங்கள்.

வேலை முடிந்த வண்டியைக் கொடுப்பதற்கு முன், அல்லது வாங்குவதற்கு முன், இன்ஜினை ஓடவிட்டு ப்ளோயரை 4-இல் 15 நிமிடம் விடுங்கள். கிளாம்ப் மீட்டர் இருந்தால் கரண்ட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். சின்னக் காரில் 12-இலிருந்து 18 ஆம்பியருக்குள் நின்றால் நிம்மதி. 20-ஐத் தாண்டினால் ரெசிஸ்டர் புதிதாக இருந்தாலும் மோட்டாரை மாற்றச் சொல்லுங்கள். பிறகு அணைத்துவிட்டு, க்ளவ் பாக்ஸுக்கு அடியில் கையை நீட்டி மோட்டார் கனெக்டரையும் ரெசிஸ்டர் கனெக்டரையும் விரலால் பிடித்துப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருக்கலாம். விரலை எடுக்க வைக்கும் சூடு இருந்தால் க்ளவ் பாக்ஸை இன்னும் மாட்டாதீர்கள்.